ஒரு விளக்குக்கு 84 பசு

அந்த அம்மா வாளியோடு வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. 2007, பங்குனி வெயில். திருகோணமலைக்கு வடக்கே, சுனாமிக்குப் பிறகு எழுந்த வீட்டுத்திட்டம் ஒன்றில், புதிய தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் நாலடிக்கு மூன்றடித் தகர போட் ஒன்றை நட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மேல் வரிசையில் பணம் தந்த நாட்டின் கொடி. அடுத்து, அந்தப் பணத்தை வாங்கிக் கைமாற்றிய நிறுவனம். அதற்கும் கீழே வேலையைச் செய்வித்த நிறுவனம், திணைக்களம், பிரதேச செயலகம். எல்லாமாக ஐந்து இலச்சினை.

"தம்பி, என்ன எழுதுறீங்கள்?"

"குடிநீர்த் திட்டம் எண்டு எழுதுறன், அம்மா."

"ஆர் தந்தது எண்டும் எழுதுவீங்களோ?"

"முழுக்க அதுதான்."

அவர் கொஞ்ச நேரம் போட்டைப் பார்த்தார். "தண்ணி எப்ப வரும் எண்டு ஒரு மூலையில எழுதிவிடுங்கோவன்" என்றார்.

மூலை மிச்சம் இருக்கவில்லை. நாலு மூலையிலும் இலச்சினை இருந்தது. தாங்கியில் அன்றைக்குத் தண்ணீரும் இருக்கவில்லை. குழாய் பொருத்துவது அடுத்த கட்டம் என்றும், அது வேறொரு நிறுவனத்தின் பொறுப்பு என்றும் என்னைக் கூட்டிவந்த அலுவலர் சொன்னார். அவருக்கு அவசரம். "அண்ணை, காயுறதுக்கு முந்தி ஒரு போட்டோ எடுக்க வேணும். அறிக்கைக்கு இண்டைக்கே அனுப்ப வேணும்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

நான் அன்புவழிபுரத்தில் இருந்துகொண்டு நாற்பது வருடமாக போட் எழுதியவன். கடைப் பெயர், பாடசாலைப் பெயர், படகு இலக்கம், சனசமூக நிலையம், திருவிழாத் துணிப்பதாகை என்று திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேசத்தில் என் எழுத்து தொங்காத தெரு குறைவு. இப்போது டிஜிட்டல் பதாகை வந்துவிட்டது, என் கையும் நடுங்கத் தொடங்கிவிட்டது. வேலை குறைந்த பிறகுதான் எழுதியவற்றை நினைத்துப் பார்க்க நேரம் கிடைத்தது. நான் எழுதியதில் பாதிக்கு மேல் ஒரே செய்தி: ஒரு நிறுவனம் இந்த ஊருக்கு நல்லது செய்தது. அதற்கு இன்று பெரிய பெயர்கள் இருக்கின்றன. கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு, பேண்தகு அபிவிருத்தி, நிலைபேறான தன்மை. எங்கள் மாவட்டத்தில் இந்தச் செய்தியை எழுதத் தொடங்கி ஆயிரம் வருடம் ஆகிறது. முதலில் எழுதியவர்கள் பிரஷ் பிடிக்கவில்லை, உளி பிடித்தார்கள். என் தொழில் மூதாதையர் எப்படி எழுதினார்கள் என்று பார்க்கவே நான் கல்வெட்டுகளைத் தேடிப் போனேன்.

*

நிலாவெளிப் பிள்ளையார் கோயிலில் கிடைத்த கல்வெட்டைப் பேராசிரியர் சி. பத்மநாதன் வாசித்து எழுதியிருக்கிறார். பத்தாம், பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தமிழும் கிரந்தமும் கலந்த எழுத்து. கோணமலையில் இருந்த ஈசுவரத்துக்கு நித்த நிவந்தமாக, அதாவது அன்றாடச் செலவுக்காக, 250 வேலி நிலம் விடப்பட்ட செய்தி அது. ஒரு வேலி ஆறரை ஏக்கருக்கும் மேல். கணக்குப் போட்டால் ஆயிரத்து அறுநூறு ஏக்கரைத் தாண்டும்.

ஒரு போட் எழுதுபவனின் கண்ணோடு இதைப் பாருங்கள். "கோயிலுக்கு உதவினோம்" என்று மட்டும் சொல்வதற்கு ஒரு வரி போதும். இந்தக் கல்லோ அன்றாடம் நடக்கவேண்டிய வேலையையும், அதற்குச் செலவு வரும் இடத்தையும், அந்த இடத்தின் அளவையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது. நிலம் விளைகிற வரைக்கும் பூசை நடக்கும். கொடுத்தவர் செத்துப்போனாலும் நடக்கும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அப்பால், பெரியகுளத்துக்கு அருகே வெல்கம் விகாரை இருக்கிறது. தமிழர் அதை நாதனார் கோயில் என்பார்கள். சோழர் காலத்தில் அது இராசராசப் பெரும்பள்ளி. பௌத்தப் பள்ளிக்குத் தமிழில் எழுதிய கொடைக் கல்வெட்டுகள் பல அங்கே கிடைத்திருக்கின்றன. சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு நான் ஒருநாள் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். புள்ளி வைக்காத எழுத்து. ககரமும் சகரமும் இன்றைய வடிவத்தில் இல்லை. நான் படித்த தமிழால் நாலைந்து எழுத்துக்கு மேல் கூட்டி வாசிக்க முடியவில்லை. ஆனாலும் உளிக்காரரின் கையை என்னால் படிக்க முடிந்தது. வரி சாயவில்லை. எழுத்துக்கு எழுத்து இடைவெளி ஒரே அளவு. எனாமல் பெயிண்டில் பிழை விட்டால் தின்னர் போட்டுத் துடைத்துவிடுவேன். கல்லில் பிழைத்தால் துடைக்க வழியில்லை. அதனால் வேண்டாத சொல் ஒன்றும் உள்ளே வராது.

அந்தக் கல்வெட்டுகளில் ஒன்று, ஒரு நந்தா விளக்குக்கு 84 பசு கொடுத்ததைச் சொல்கிறது. நந்தா விளக்கு என்றால் அணையாத விளக்கு. விளக்கு ஒன்று, பசு எண்பத்து நான்கு. முதலில் இது எனக்குக் கணக்குப் பிசகாகத் தெரிந்தது. ஒரு விளக்குக்கு இத்தனை பசு எதற்கு?

விடை தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளில் இருக்கிறது. அங்கே ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு விடுவார்கள். ஆட்டை இடையர் பொறுப்பேற்பார். நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் அவர் கோயிலுக்கு அளக்கவேண்டும். மிச்சப் பாலும் மோரும் குட்டியும் எருவும் அவருடையது. ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டிகள் வளர்ந்து அந்த இடத்துக்கு வந்துவிடுவதால் மந்தையின் எண்ணிக்கை மாறாது. ஆகவே அந்த ஆட்டுக்குப் பெயர் "சாவா மூவாப் பேராடு". சாகாத, மூப்படையாத ஆடு. தனி ஆடு சாகும், மந்தை சாகாது. முதலைத் தின்னாமல் விளைவை மட்டும் எடுத்து வேலையை நடத்துவது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை அது நடக்கவேண்டும் என்று கல்லில் கையெழுத்துப் போடுவார்கள்.

பேண்தகு என்ற சொல்லை முதல் தடவை ஒரு போட்டில் எழுதச் சொன்னபோது, அதன் பொருளை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஆட்டுக் கணக்கைத் தெரிந்துகொண்ட அன்றைக்குத்தான் விளங்கியது.

கந்தளாய்ப் பக்கம் பாலமோட்டையில் கிடைத்த இன்னொரு கல்வெட்டு முதலாம் விஜயபாகுவின் 42ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பிராமணப் பெண்ணொருத்தி இறந்த தன் கணவனின் நினைவாகச் சிவன் கோயிலுக்குப் பொன் கொடுக்கிறாள். அந்த அறக்கொடைக்குக் காவலாக வேளைக்காரப் படையினர் பெயர் சொல்லப்படுகிறது. பொன்னைக் கொடுத்ததோடு கடமை முடியவில்லை. நாளைக்கு ஒருவன் அதை அள்ளிக்கொண்டு போனால் யாரைக் கேட்பது என்பதும் எழுத்தில் இருக்கிறது.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தக் காலத்திலும் இலச்சினை இருந்தது, அதற்குப் பெயர் மெய்க்கீர்த்தி. அரசன் எந்தெந்த நாட்டை வென்றான், யாரை ஓடவிட்டான் என்று பத்து வரி ஓடிய பிறகே பல கல்வெட்டுகளில் கொடைக்கு வருவார்கள். 250 வேலியில் ஏர் பிடித்தவன் பெயர் கல்லில் இல்லை. ஆனால் மெய்க்கீர்த்தி எவ்வளவு நீண்டாலும், கடைசியில் எத்தனை பசு, எவ்வளவு நிலம், எதற்கு என்ற இடத்துக்கு வந்தே தீரும்.

*

கல்லுக்குப் பிறகு ஏடு. கோணேசர் கல்வெட்டு என்று ஒரு நூல் இருக்கிறது. பெயரில்தான் கல், இருந்ததெல்லாம் ஓலையில். எழுதியவர் கவிராசவரோதயன். பக்கத்திலுள்ள வரோதயநகரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். கோணேசர் கோயிலையும் கந்தளாய்க் குளத்தையும் குளக்கோட்டன் அமைத்தான் என்ற மரபை அந்நூல் சொல்கிறது. அதைவிட முக்கியமாக, தானத்தார், வரிப்பத்தார் என்று பிரிவு பிரிவாகக் கோயிலில் யார் எந்தத் தொழிலைச் செய்யவேண்டும் என்று வகுத்து வைத்திருக்கிறது. இன்றைய கம்பனி மொழியில் சொன்னால் அது ஒரு பொறுப்புப் பட்டியல். பிறப்பால் தொழிலைக் கட்டிவைத்த பட்டியல் என்பதால் அதை இன்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. குளம் வெட்டியதோடு கதை முடியவில்லை. குளத்து நீர் வயலுக்கு, வயல் நெல் கோயிலுக்கு, கோயில் வேலை குடிகளுக்கு என்று ஒரு சுற்று அதில் இருந்தது. சுற்றில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றதெல்லாம் நிற்கும்.

கவனிக்காத குளம் என்ன செய்யும் என்பதற்கு நான் ஏடு பார்க்கத் தேவையில்லை. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அரசன் கட்டினான், அரசாங்கம் திருத்தியது என்று கட்டியவர்களின் பெயரெல்லாம் எங்களுக்குப் பாடம். குளக்கட்டைத் தினம் நடந்து பார்க்கிறவரின் பெயர் ஒரு போட்டிலும் இருப்பதில்லை.

ஏட்டுக்குப் பிறகு கல் மறுபடியும் வருகிறது, வேறு விதமாக. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். இன்றைய பிரெட்ரிக் கோட்டை அதுதான். வாசலில் உள்ள கல்லில் இரட்டை மீன் உருவமும் தமிழ் எழுத்தும் இன்றைக்கும் இருக்கின்றன. கோயிலுக்குப் போகிற எல்லோரும் அந்தக் கல்லைக் கடந்தே மேலே ஏறுகிறோம். கொடையைச் சொல்ல வெட்டிய கல் கோட்டை மதிலுக்குள் எத்தனை போயிருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். கல் மட்டும் காவல் இல்லை. கல்லைக் காக்க ஊரும் இருக்கவேண்டும்.

*

வெள்ளைக்காரன் காலத்து போட் பற்றி எனக்கு அப்பா சொல்லித்தான் தெரியும். அவர் டொக்யாட்டில் பெயிண்டராக வேலை செய்தவர். திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபரில் இலங்கையிடம் கைமாறும்வரை, அவர் எழுதிய போட்டெல்லாம் ஒரே விதம்: உள்ளே வராதே, தொடாதே, புகைக்காதே. சீனன்குடாப் பக்கத்து எண்ணெய்த் தாங்கிகளில் இலக்கம் எழுதவும் போயிருக்கிறார். ஒவ்வொரு தாங்கியும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டபோது ஒரு தாங்கி எரிந்து உருகியது. அதன் கருகிய இரும்பை அப்பா காட்டியிருக்கிறார். கடற்படை என்ற அவ்வளவு பெரிய நிறுவனம் துறைமுகத்துக் கடலையும் காட்டையும் என்ன செய்கிறது என்று ஊருக்குச் சொல்லவேண்டிய அவசியம் அதற்கு இருக்கவில்லை. "நிறுவனம் ஊரோடு பேசிற பாஷை அப்ப கம்பிவேலிதான்" என்பார் அப்பா.

அதே காலத்தில் ஊருக்குள் வேறு விதமான எழுத்தும் இருந்தது. 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற அம்மையார் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அதுதான் இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் எனக்குப் பாலமோட்டைப் பெண்மணி ஞாபகம் வருவாள். இருவருக்கும் இடையில் எண்ணூறு வருடம் கடந்திருக்கிறது. ஒருத்தி பொன்னைக் கொடுத்துப் படையினரைக் காவல் வைத்தாள். மற்றவர் பள்ளியைத் தொடங்கினார், வருடா வருடம் வந்த பிள்ளைகளே அதற்குக் காவல். வகுப்புக்கு வகுப்பு பிள்ளை மாறும், பள்ளி மாறாது. அதுவும் ஒரு சாவா மூவா மந்தைதான்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் சீனன்குடாவில் பெரிய ஆலைகள் வந்துவிட்டன. 1980இல் பிரிமா மா ஆலை. அதற்கடுத்து 1982இல் தொடங்கிய டோக்கியோ சீமெந்துக் கம்பனியின் ஆலை. அந்த நாளில் கம்பனிகள் ஊரோடு பேசியது நாட்காட்டியாலும் பஸ் தரிப்பிடத்தாலும். தரிப்பிடச் சுவரில் கம்பனி பெயரைப் பெரிதாக எழுதுவோம், ஊர்ப் பெயர் சிறிதாக வரும். யாரும் அதைச் சமூகப் பொறுப்பு என்று சொல்லவில்லை, விளம்பரம் என்றே சொன்னோம். வெயிலுக்கு ஒதுங்க நிழல் கிடைத்தது. விளம்பரம் என்று ஒத்துக்கொண்ட விளம்பரத்தில் ஒரு நேர்மை இருக்கிறது.

*

2004 டிசெம்பர் 26 வந்தது. எங்கள் பக்கம் கடலோரம் இல்லை. ஆனாலும் அன்று மத்தியானம் தொடங்கி, ஓடிவந்தவர்கள் பாடசாலை, கோயில், பள்ளிவாசல் எல்லாவற்றிலும் நிறைந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் உதவி வந்தது. உதவிக்குப் பின்னால் போட் வந்தது. 2005இலிருந்து மூன்று நாலு வருடம் எனக்கு நித்திரை கொள்ள நேரம் இருக்கவில்லை. வீட்டுக்கு ஒரு இலச்சினை, கிணற்றுக்கு ஒன்று, மலசலகூடக் கதவுக்கு ஒன்று. பைபர் படகின் அணியத்தில் ஒரு கொடி. சிறு படகுகள் இழந்ததைவிடக் கூடுதலாகவே வந்து சேர்ந்தன என்று பிறகு மதிப்பீடுகள் எழுதின. அதை எழுதாமலே எங்கள் மீனவர்களுக்குத் தெரியும்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு புத்தகம் தந்தார்கள். இலச்சினை எத்தனை சென்றிமீற்றர், சுற்றிலும் எவ்வளவு வெற்றிடம், நீலத்தில் எத்தனை பங்கு என்று எல்லாம் அதில் இருந்தது. கடையில் கிடைத்த நீலம் கடுமையாக இருந்தபடியால் வெள்ளை கலந்து, அதுவும் வெளிறிப்போக, ஒரு சொட்டுக் கறுப்பு விட்டுச் சரிப்படுத்தினேன். அரை நாள் அதற்கே போனது. அத்தனை நுணுக்கமான புத்தகத்தில் தமிழ் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. ஆனால் தமிழ்ப் பகுதி கடைசியில் மிஞ்சின இடத்தில்தான் வரும், பல தடவை பிழையோடு வரும். "தாங்கி" என்பதைத் "தங்கி" என்று அடித்துத் தந்த தாளை நான் திருத்தி எழுதினேன். அங்கீகரித்த வாசகத்தை மாற்றினேன் என்று எனக்கு ஏச்சு விழுந்தது.

2006இல் சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு என்ற பன்னாட்டுக் குழு, உதவி நிறுவனங்களின் வேலையைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மக்களுக்குப் பதில் சொல்வதைவிடப் பணம் தந்தவர்களுக்குப் பதில் சொல்வதிலேயே நிறுவனங்கள் கூடிய அக்கறை காட்டின என்பது அதன் முக்கியமான குறைகளில் ஒன்று. வாளியோடு நின்ற அம்மா அதை ஒரு வரியில் சொல்லிவிட்டார். நான் எழுதிய போட்டுகள் எல்லாம் நின்ற இடம் எங்கள் ஊர். பார்த்த திசை வேறு ஊர். புகைப்படமாகக் கப்பலேறவே அவை பிறந்தன.

மூன்று வருடம் கழித்து அதே தாங்கியடிக்கு என்னை மறுபடியும் கூப்பிட்டார்கள். பம்பு எரிந்துபோய்ப் பல மாதம். திருத்தக் காசு யார் தருவது என்று தெரியாமல் ஊர் பௌசர் தண்ணீருக்குக் காத்திருந்தது. என்னை அழைத்தது பம்புக்காக இல்லை. நிறுவனத்தின் இலச்சினை மாறிவிட்டதாம், போட்டைப் புதிதாக எழுதவேண்டுமாம். எழுதினேன். காசும் வாங்கினேன். இதை மறைக்க மாட்டேன்.

*

இந்தப் பெரிய சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினேன். 1987இல் நோர்வேயின் பிரதமர் குரோ ஹார்லம் புருண்ட்லாந்து தலைமையிலான ஐ.நா. ஆணைக்குழு, வருங்காலத் தலைமுறையின் தேவைக்குப் பங்கம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவதே பேண்தகு அபிவிருத்தி என்று வரையறுத்தது. 1989இல் எக்சன் வால்டீஸ் கப்பல் அலாஸ்காக் கடலில் எண்ணெய் கொட்டியது. கம்பனிகள் சுற்றாடல் பற்றி ஊருக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்ற குரல் அமெரிக்காவில் அதன்பிறகு வலுத்தது. 1997இல் பொஸ்டனில் ஜீ.ஆர்.ஐ. என்ற அமைப்பு பிறந்தது. 2000இல் அது முதலாவது வழிகாட்டியை வெளியிட்டது. எவ்வளவு தண்ணீர் எடுத்தாய், எவ்வளவு கழிவு விட்டாய், எத்தனை பேர் வேலைத்தலத்தில் காயப்பட்டார்கள் என்று இலக்கத்தில் சொல்லச் சொன்னது அது. 2015இல் ஐ.நா.வின் 17 பேண்தகு அபிவிருத்தி இலக்குகள் வந்தன. இலங்கை 2017இல் 19ஆம் இலக்கப் பேண்தகு அபிவிருத்திச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தப் பதினேழு நிறக் கட்டங்களை ஒரு பாடசாலைச் சுவரில் நான்தான் எழுதினேன்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. இலக்கத்தில் சொல் என்று கேட்பது, எத்தனை பசு என்று கேட்பதுதானே? உலகம் சுற்றி வளைத்து வெல்கம் விகாரைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

எங்கள் துறைமுகத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. டோக்கியோ சீமெந்துக் கம்பனி இங்கே உயிர்த்திணிவு மின்னிலையம் நடத்துகிறது. விவசாயிகளிடம் கிளிரிசீடியா விறகு வாங்கி எரிக்கிறது. வேலிக்கு நடுகிற அந்தக் கதியாலை வெட்ட வெட்டத் தளிர்க்கும். அடிமரம் நிற்க, கிளை மட்டும் அடுப்புக்குப் போகும். முதலைத் தொடாமல் விளைவை எடுக்கிற அதே கணக்கு. கம்பனி இதைத் தன் வருடாந்த அறிக்கையில் எழுதுகிறது. அந்த அறிக்கை பங்குதாரருக்கு எழுதப்படுவது, அது அதன் இயல்பு. எங்கள் தெருவில் அப்படியொரு அறிக்கையை யாரும் புரட்டி நான் பார்த்ததில்லை. மரம் எங்கள் வேலியில், கணக்கு கொழும்பில்.

ஊருக்கு வாசிக்கக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிற கணக்கும் ஒன்று இருக்கிறது. 1980இன் தேசிய சுற்றாடல் சட்டத்தை 1988இல் திருத்தியபோது, பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. அறிவித்தலை வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் போட்டு, கருத்துச் சொல்ல மக்களுக்கு 30 நாள் கொடுக்கவேண்டும். 2015இல் எங்கள் மாவட்டத்துச் சம்பூர் அனல் மின்நிலையத்துக்கான மதிப்பீடு இப்படி வெளியே வந்தது. இந்தியாவின் என்.ரி.பி.சி.யும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து கட்டவிருந்த நிலக்கரி நிலையம் அது. சம்பூர்ச் சனம் 2006இல் இடம்பெயர்ந்து, அந்த நேரத்தில்தான் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. மீனவரும் விவசாயியும் எதிர்த்தார்கள். எதிர்ப்புப் பதாகைக்கு எழுத்து எழுதித் தரக் கேட்டு என்னிடமும் வந்தார்கள். இலச்சினை இல்லாத வேலை, அளவுப் புத்தகமும் இல்லை. தேத்தண்ணியே கூலி. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2016 செப்ரெம்பரில், அங்கே நிலக்கரி நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசாங்கம் நீதிமன்றத்தில் சொல்லியது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்குத் தொடக்க விழா நடந்தது. ஒரு நிறுவனம் தன் எண்ணத்தை முன்கூட்டி ஊருக்கு எழுதிக் காட்டவேண்டி வந்ததால், ஊருக்கு மறுமொழி எழுத ஒரு தவணை கிடைத்தது. நான் எழுதிய கொடை போட் எதற்கும் மறுமொழி எழுத இடம் இருந்ததில்லை.

*

போன வருடம் எங்கள் பக்கத்துப் பொதுக்கிணறு ஒன்றைத் திருத்தினார்கள். காசு தந்தது ஒரு நிறுவனம், கூலியில்லாமல் வேலை செய்தது ஊர்ப் பெடியள். சனசமூக நிலையத்துத் தலைவர் என்னிடம் வந்தார்.

"ஐயா, டிஜிட்டல்ல அடிச்சா மூண்டு மாசத்தில வெளிறிப்போகும். நீங்களே எழுதித் தாங்கோ. ஆனா என்ன எழுதுறது எண்டு அவையள் ஒண்டும் அனுப்பேல்ல."

அளவுப் புத்தகம் இல்லாமல், அங்கீகரித்த வாசகம் இல்லாமல், முழு போட்டும் என் கையில் வந்தது அன்றைக்குத்தான். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சோக்கு நூல் அடித்து, கிணற்றின் ஆழத்தை முதல் வரியில் எழுதினேன். சித்திரையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கும் என்பது அடுத்த வரி. இறைக்கிற பம்பின் மின்கட்டணத்துக்கு வீட்டுக்கு மாதம் எவ்வளவு, அதில் திருத்த வேலைக்கு ஒதுக்குவது எவ்வளவு என்பது மூன்றாவது. காசு தந்த நிறுவனத்தின் பெயரை நாலாவதாக, நல்ல எழுத்தில் எழுதினேன். அவர்கள் வந்து பார்த்தார்கள். அவர்களில் இளம்பெண் ஒருத்தி பெயரை மேலே கொண்டுபோகலாமா என்று கேட்டாள். "மேலே ஆழம் இருக்குது, பிள்ளை" என்றேன். சிரித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

ஐந்தாவது வரி: "திறப்பு வைத்திருப்பவர்". அதற்குப் பக்கத்தில் பெயர். அந்தப் பொறுப்பு வருடத்துக்கு வருடம் வீடு மாறும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு. ஆகவே அந்தப் பெயருக்கு மட்டும் எனாமல் போடவில்லை, தண்ணீர் பட்டால் மெல்லக் கரைகிற சாயத்தால் எழுதினேன். இந்தத் தை பிறந்ததும் ஈரத் துணியால் பழைய பெயரைத் துடைத்துவிட்டு அடுத்த வீட்டுப் பெயரை எழுதப் போனேன். கை நடுங்கியது. பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் வந்து என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தான். அடுத்த தைக்கு அவனையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.